இணைக்காமல் வைத்த கட்டங்கள்

என் மகளுக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது தடவை உண்டானபோது டாக்டரம்மா அவளைப் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுத் திண்டுக்கல்லில் என்னிடம் வந்து இருந்தாள். மருமகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் அவர் ரோட்டில்தான். என் வீட்டுக்காரர் காலமாகி வருசங்கள் ஆகிவிட்டன. அதனால் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம்.

படுத்தே கிடக்கிறவளுக்கு ஃபோன்தான் துணை. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினாள்.

"யம்மா, இத உன் குரோஷா ஊசில கொண்டுவர முடியுமா?"

எந்த ஊரோ தெரியவில்லை. பனி பெய்கிற ஊர்க்காரர்கள் துணியைத் துண்டு துண்டாகக் கத்தரித்து ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை அது. சதுரம் சதுரமாக இருந்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு சிவப்புத் துண்டு. அதைச் சுற்றி வரிசை வரிசையாகப் பட்டைகள். இரண்டு பக்கத்துப் பட்டைகள் வெளிர் நிறம், மற்ற இரண்டு பக்கமும் அடர்ந்த நிறம். ஒரு சதுரத்தை மட்டும் பார்த்தால் விசேஷமாக ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் திசை மாற்றி மாற்றிச் சேர்த்திருந்ததில்தான் வெளிச்சமும் நிழலும் ஒன்றுகூடி, பெரிய பெரிய வைரக் கட்டங்களாகத் தெரிந்தன.

"நடுவுல செவப்பு இருக்குல்ல, அது வீட்டுக்குள்ள எரியிற அடுப்பாம். சுத்தி உள்ளது செவராம். ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடும்மா" என்றாள்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்கு யாரும் எதுவும் வாங்க மாட்டார்கள், செய்ய மாட்டார்கள். தொட்டில் கட்டுவதில்லை, சட்டை எடுப்பதில்லை. பிள்ளை பிறந்து, அழுது, தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எல்லாம். பிறந்த உடனே சுற்றுவதற்கும் வீட்டில் கிடக்கிற பழைய வேட்டித் துணிதான். பங்குச் சாமியார் பூசைப் பிரசங்கத்தில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்வார். நாங்களும் தலையை ஆட்டிக் கேட்போம். வீட்டுக்கு வந்து பழையபடி பயப்படுவோம்.

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனேன். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன், விடை தெரியும், வாய் திறக்காது. அங்கேதான் மாதா கோயில் பீடத் துணிக்கு ஓரப் பின்னல் போடக் கற்றுக் கொடுத்தார்கள். பின்னும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால் அது எனக்குப் பிடித்துவிட்டது. இப்போதும் மகளிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்ல நெஞ்சு வரவில்லை. அன்று முழுக்கப் பதில் சொல்லாமலே இருந்தேன். மறுநாள் அவளுக்குக் கஞ்சி கொடுக்கும்போது ஒரு வழி தோன்றியது.

"கட்டம் மட்டும் போடுறேன். சேக்க மாட்டேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் சேத்துத் தாரேன்."

"அப்ப அது போர்வை இல்லியா?"

"போர்வை இல்ல. துண்டு."

அவள் வெகுநாளைக்கு அப்புறம் சத்தமாகச் சிரித்தாள். "யம்மா, நீ மாதாவையே ஏமாத்திருவ போலயே!"

கடைவீதியில் மெத்தென்ற பருத்தி நூலாகப் பார்த்து வாங்கி வந்தேன். சந்தனம், மஞ்சள், பால் வெள்ளை ஒரு பக்கத்துக்கு. நீலம், காப்பிக்கொட்டை நிறம், கத்திரிப்பூ நிறம் மறுபக்கத்துக்கு. முதலில் நடுச் சிவப்பு. அது முடிந்ததும் நூலை மாற்றி, அதன் ஒரு ஓரத்தில் கண்ணி கண்ணியாக எடுத்து ஒரு பட்டை. கட்டத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஓரத்தில் இன்னொரு பட்டை. இப்படியே சுற்றிச் சுற்றிச் சுவர் ஏறும். மூலையில் ஒரு கண்ணி தவறினாலும் வீடு கோணிக்கொள்ளும். சேலைக் கடையில் கொடுத்த கட்டைப்பையில் முடிந்த கட்டங்களைப் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தேன்.

ஸ்கேனுக்குப் போய்வந்த நாட்களில் போட்ட கட்டங்கள் மற்றவற்றைவிடச் சின்னதாக இருந்தன. ஊசியும் அதேதான், நூலும் அதேதான். கை பயத்தில் நூலை இறுக்கியிருக்கிறது. அவற்றை மட்டும் நனைத்து, தலையணையில் நான்கு மூலையும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, எது எந்த நாளில் போட்டது என்று கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சம்பந்தி ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். மருமகனின் அம்மா. முருங்கைக்காய், கீரை, தக்காளி என்று இரண்டு கையிலும் பை இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டே விசாரணையை ஆரம்பிப்பார். அவர் ஊர்ப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' உண்டு. திட்டினாலும் அந்த மரியாதை குறையாது. திட்டு வாங்கினவர்களுக்குக் கோபப்படவும் முடியாது.

"ஏனுங்க சம்பந்தி, என்னமோ பின்னிட்டே இருக்கறீங்களே, என்னதுங்க அது?"

"சும்மா... சூடான பாத்திரம் வைக்கிறதுக்கு" என்றேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்று ஒரு கட்டத்தை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் அதையே தரையில் விரித்து, கொதிக்கக் கொதிக்கப் புளிக்குழம்புச் சட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தார். சந்தன நிறப் பட்டையில் எண்ணெய் வட்டமாக இறங்கியது. மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்து எனக்குக் கோபமாக வந்தது.

"வெஞ்சனம் வைக்கட்டுமா? கீரைக் கூட்டு இருக்கு" என்று பேச்சை மாற்றினேன்.

"வையுங்க. அப்புறம் இதுல ஒரு ரெண்டு குடுங்க, நம்மூட்டுக்கும் ஆகுமுங்க."

மகள் சொன்ன வீடுகளில் இரண்டு, அன்று பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக நான் திரும்பப் பின்ன ஆரம்பித்தேன்.

எட்டாம் மாதம் முடியப் போகிற சமயம். அன்றும் ஞாயிறு. காலைப் பூசைக்கு நான் கிளம்பும்போது மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று எழுப்பாமல் போனேன். பூசை முடிந்து, கடைவீதி வரை போய் ஒரு நாடா வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். காலின் மேல் போர்வை கிடக்கிறது.

கட்டைப்பை தரையில் காலியாகச் சுருண்டிருந்தது. கட்டங்களை எல்லாம் திசை மாற்றி மாற்றி அடுக்கி, தையல் ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து விளிம்போடு விளிம்பு சேர்த்திருந்தாள். கடைசி வரிசை மட்டும் தனியாகக் கிடந்தது. படத்தில் பார்த்த வைரங்கள் அவள் முழங்கால் மேல் விழுந்து கிடந்தன. அழகாகத்தான் இருந்தது.

"என்னத்தா பண்ணி வச்சிருக்க?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. போர்வையைச் சுருட்டக்கூட நேரமில்லை. சம்பந்தி இரண்டு பையோடும் உள்ளே வந்து நின்றார். போர்வையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கீழே குனிந்து ஒரு ஓரத்தைத் தொட்டார்.

"இது பாத்திரம் வைக்கறதுங்களே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"புள்ளைக்குங்களா?" என்றார். குரல் உயரவே இல்லை. "வவுத்துல இருக்கறப்பவே செஞ்சீங்களா? ரெண்டு வாட்டி பட்டும் இப்படிச் செஞ்சீங்களா சம்பந்தி? உங்களுக்கு நான் என்னங்க கெடுதல் பண்ணுனேன்?"

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க அத்தை" என்றாள் மகள். "சேத்தது நான்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் பேசுகிற குரலில் சொன்னாள். "யம்மா, விடியக்காலம் முழிச்சதுல இருந்து அசையலம்மா."

சம்பந்தி கையிலிருந்த பைகள் தரையில் இறங்கின.

"செத்த நேரத்துல அசையும், செத்த நேரத்துல அசையும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கை சும்மா இருந்தா பயமா இருந்துச்சு. ஒரு கட்டம் சேக்குறதுக்குள்ள அசைஞ்சிரும்னு நெனச்சேன். அப்புறம் அடுத்த கட்டம். தண்ணி குடிச்சேன், எடது பக்கம் படுத்தேன். இன்னும் அசையல."

பிள்ளை அசையாமல் போனதால்தான் அவள் சேர்த்தாள். எனக்கு அது தெளிவாகப் புரிந்தது. சம்பந்தி காதில் அது வேறு மாதிரி விழுந்தது. சேர்த்ததால்தான் அசையவில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் சொல்லி ஆட்டோ வரவழைத்தேன். மகள் எழுந்திருக்கும்போது போர்வையும் கூடவே வந்தது. ஊசி அதிலேயே குத்தியிருந்ததால் அப்படியே கட்டைப்பையில் திணித்தேன். எதற்கு எடுத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் விட்டுவர மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆட்டோக்காரர் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசல். யாரோ ஆரன் அடித்தார்கள். "பிள்ளத்தாச்சிய்யா, செத்தப் பொறுய்யா!" என்று திரும்பிக் கத்தினார். மகள் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். "தெரியுதாம்மா? ஏதாச்சும் தெரியுதா?" எனக்கு ஆட்டோ குலுங்குவதுதான் தெரிந்தது. தெரிகிறது என்று பொய் சொல்லவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும், வெளியே இருங்கள் என்று நர்ஸ் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தோம். சம்பந்தி மகனுக்கு ஃபோன் போட்டார். மருமகன் பாலக்காடு தாண்டிவிட்டாராம். "நீ பதட்டப்படாம வண்டிய ஓரம் கட்டு சாமி. நான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என் மடியில் இருந்த கட்டைப்பையைப் பார்த்தார்.

"பிரிச்சுருங்க சம்பந்தி."

நான் பையை இறுக்கிப் பிடித்தேன்.

"அவ கேட்டா ஒத்துக்க மாட்டா. அவ உள்ள இருக்கறப்பவே பிரிச்சுருங்க. கட்டங் கட்டமா முன்ன இருந்தாப்பல ஆயிரட்டும். உங்க கால்ல வேணாலும் விழுறேனுங்க."

விழவும் விழுந்திருப்பார். கண் சிவந்து, மூக்கு நுனி நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் இது மூன்றாவது தடவைதான் என்பதை நான் அப்போதுதான் நினைத்தேன். ஒட்டன்சத்திரத்துக்கு அவரும் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறார்.

பையை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, போர்வையை எடுத்து மடியில் விரித்தேன். எனக்கும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை. ஆட்டோவில் வரும்போதே வந்துவிட்டது. பிரித்தால் ஒருவேளை அசையுமோ, யார் கண்டார்கள்? தையலின் நுனியைத் தேடினேன். என் மகளுக்குத் தையல் வராது. முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டிருந்தாள். ஊசி முனையால் நெம்பினேன். ஒரு முடிச்சு விட்டுக்கொடுத்தது. அடுத்த தையல் தானாக இளகியது. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது.

உள்ளே கதவுக்கு அப்பால் ஏதோ மெஷின் கரகரவென்றது. அப்புறம் நின்றுவிட்டது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக் கேட்டோம். வேறு சத்தம் வரவில்லை.

"சீக்கிரமுங்க" என்றார் சம்பந்தி.

என் கை நின்றுவிட்டது. அந்த இடைவெளியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை நாங்கள் ஒரு சின்னத் துணிகூட எடுத்து வைக்கவில்லை. இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் ஒளித்து வைத்தோம். பூ வைத்து வளையல் போட வேண்டாம் என்றோம். அவள் வயிற்றைத் தடவினால்கூட, கண் பட்டுவிடும், கையை எடு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"பிரிக்க மாட்டேன் சம்பந்தி" என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. எதிர்ப் பெஞ்சில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"போன ரெண்டு தடவையும் ஒண்ணுமே செய்யலையே. ஒரு துணி எடுத்து வச்சோமா? ஒரு பேரு நெனச்சோமா? அம்புட்டுப் பயந்தும் போயிருச்சுல்ல. இந்தப் பிள்ளைய நெனச்சு எம் மக ஒண்ணு செஞ்சிருக்கா. அவ வெளிய வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது? நீ செஞ்சத நாங்க பிரிச்சுப் போட்டோம்னா?"

என்னிடமிருந்து இவ்வளவு பேச்சைச் சம்பந்தி கேட்டதே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு இடுப்பிலிருந்து ஜெபமாலையை எடுத்தார்.

நான் இளகிய தையலை இழுத்து முடிந்தேன். தனியாகக் கிடந்த கடைசி வரிசையை எடுத்துச் சேர்க்க ஆரம்பித்தேன். நூல் ஊசிக் காதிலிருந்து இரண்டு மூன்று தரம் உருவிக்கொண்டது. கோக்க முடியாமல் திணறியபோது சம்பந்தி பார்த்துக்கொண்டேதான் இருந்தார். உதவிக்கு வரவில்லை. தடுக்கவும் இல்லை. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. டாக்டரம்மாவே வந்தார்.

"துடிப்பு இருக்கு. ஆனா இறங்கி இறங்கி வருது. காத்திருக்க வேண்டாம், உடனே ஆபரேஷன் பண்ணிரலாம். பிள்ளை கொஞ்சம் முன்னாடியே வருது, எடை கம்மியாத்தான் இருக்கும்."

இருக்கு என்ற சொல்லுக்குப் பிறகு சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. சம்பந்திதான் எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றார். நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். திரும்ப வந்து உட்கார்ந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கட்டைப்பை இல்லை. எப்போது தள்ளி வைத்தார் என்று தெரியவில்லை. அவர் தோள் என் தோளில் பட்டது. கடைசிக் கட்டத்தின் மூலையில் வந்து நின்றபோது நூல் முடிந்துவிட்டது. பல்லால் கடித்து முடிச்சுப் போட்டேன்.

பிள்ளை அழுதது எங்களுக்குக் கேட்கவில்லை. நர்ஸ் வந்து சொல்லித்தான் தெரியும்.

"பொம்பளப் பிள்ள. சின்னதா இருக்கு. ஆனா தானா மூச்சு விடுது, அழுதுச்சு, பயப்படாதீங்க. கொஞ்ச நாள் உள்ள கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாக்கணும். சுத்தறதுக்குத் துணி குடுங்க."

நான் அவசரமாகப் போர்வையை நீட்டினேன். நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது வேண்டாம்மா. பின்னல்ல பிள்ள வெரலு மாட்டிக்கிரும். நல்லா தொவச்ச பழைய பருத்தித் துணி இருந்தா தாங்க."

நான் பழைய துணி எதுவும் எடுத்து வரவில்லை. அப்போது சம்பந்தி தன் கைப்பையைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, ஓரம் பிரியாமல் மடித்து, மடிப்பு கலையாமல் அடுக்கி வைத்திருந்தார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"பழசுதானுங்க" என்றார், என் கண்ணைப் பார்க்காமல். "புதுசு ஒண்ணும் இல்லீங்க."

நர்ஸ் துணியை வாங்கிக்கொண்டு போனார். சம்பந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். அதற்கு முன்னால் நான் அவரைத் தொட்டதே இல்லை.

மகளை வெளியே கொண்டுவந்தபோது அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. முதுகில் போட்ட மயக்க ஊசியால் அப்படி நடுக்கம் வருமாம், சரியாகிவிடும் என்றார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, அவள் உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடுகிறது. ஆஸ்பத்திரிப் போர்வை ஒன்று மெல்லிசாகக் கிடந்தது. அது போதவில்லை. நான் யோசிக்காமல் கட்டங்களை உதறி அவள் மேல் போட்டேன்.

அவள் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு சிவப்பைத் தடவினாள். உதடு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது.

"பிள்ளைக்கு வச்சதும்மா இது."

"அவளுக்கு அவ அப்பத்தா குடுத்தாச்சு. இப்ப எம் பிள்ளைக்குக் குளுருது. பேசாமப் படு."

போர்வை சிறுசு. கழுத்தில் ஆரம்பித்து முழங்காலோடு நின்றுவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்கள் நடுங்கின. சம்பந்தி கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், இரண்டு பாதங்களையும் சேர்த்துத் தன் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தார்.

"இத்தன நாளு பின்னுனீங்களே சம்பந்தி, காலு மூடற அளவுக்கு இன்னும் ரெண்டு வரிசை போட்டிருக்கக் கூடாதுங்களா?" என்றார்.